கூட இருந்தவன்

என் அண்ணனுக்கு மூளை தளர்ந்துவருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அண்ணி இல்லை, பிள்ளைகள் இல்லை, பின்னால் மதுரையில் பார்த்த நரம்பியல் டாக்டரும் இல்லை. அப்போது அண்ணனுக்கு 52 வயது. கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எனக்கு லாபம் இருந்தது. அந்த லாபத்தை எடுத்து முடித்த பிறகுதான், இனி யாருக்குத் தெரிந்தால் என்ன என்று விட்டேன்.

மேலூரில் எங்களுக்கு உரக்கடை. பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதைத் தாண்டி எங்கள் பக்கம் ஒருபோகம். செப்டம்பர் வாக்கில் தண்ணீர் திறந்தால்தான் நாற்றங்கால். நாற்றங்கால் போட்டால்தான் எங்களுக்கு வியாபாரம். எந்த வாரம் எத்தனை லோடு யூரியா இறக்க வேண்டும், டிஏபி எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு என்பதெல்லாம் அண்ணன் பொறுப்பு. வெள்ளலூரிலிருந்து ஒருத்தர் கடையேறி வந்தால் அவர் பேர், அவர் அப்பா பேர், போன வருஷம் எத்தனை மூட்டை காம்ப்ளக்ஸ் எடுத்தார், அறுவடைக்குப் பிறகும் எவ்வளவு பாக்கி வைத்தார் என்று நோட்டைத் தொடாமல் சொல்வார். பற்று நோட்டை எழுதியது நான். அது இருந்தது அவர் தலைக்குள்.

2018-ல் இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. ஆதார் கைரேகை வைத்து உரம் விற்கும் மெஷின் கடைக்கு வந்தது. யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. மெஷினில் எல்லோருமே திணறினோம், அதில் ஒன்றும் இல்லை. மூட்டைக் கணக்கிலும் முதல் போகத்துக்கு எல்லோரும்தான் தடுமாறினோம். மறு வருஷமும் அண்ணன், “ரெண்டு மூட்டை போடுங்க, நூறு கிலோ கணக்கு சரியா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்துவேன். “அட ஆமா” என்பார். அரை மணி நேரம் கழித்து அடுத்த ஆளிடம் அதே நூறு கிலோ. பழசெல்லாம் துல்லியமாக இருந்தது. புதுசாக ஒன்று உள்ளே போய்த் தங்கவில்லை.

அந்த வருஷம்தான் கல்லாவில் பணம் குறைய ஆரம்பித்தது. அண்ணன் எடுக்கிறார் என்று நினைத்தேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: கூடப்பிறந்தவரைத்தான் சந்தேகப்பட்டேன், கடைப் பையனை இல்லை. கல்லாவுக்கு மேலே கேமரா மாட்டினேன். திருட்டு பயம் என்று வீட்டில் சொன்னேன். ராத்திரி போனில் போட்டுப் பார்த்தால், அண்ணன் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஒருவருக்கு மீதிச் சில்லறை கொடுத்துவிட்டு, அவர் ரசீதுக்காக நின்றுகொண்டிருக்கும்போதே மறுபடியும் சில்லறை எண்ணிக் கொடுக்கிறார். வாங்கியவர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். கடனுக்குப் போன மூட்டைகளைச் சொல்லாமலே விடுகிறார். நானும் எழுதாமல் விட்டிருக்கிறேன். பிறகு பணத்தை எண்ணுகிறார். மறுபடி எண்ணுகிறார். கட்டை ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிட்டு, எடுத்து, பிரித்து, மறுபடியும் எண்ணுகிறார்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. வேறு சங்கதிகளும் அதோடு சேர்ந்துகொண்டன. வசூலுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொட்டாம்பட்டிப் பக்கம் போனவர் ஒருநாள் போன் செய்து, “தம்பி, நான் இப்ப எங்கடா நிக்கிறேன்?” என்று சிரித்தார். அந்த ரோட்டில் முப்பது வருஷம் போய்வந்தவர். கடையில் வழக்கமாக உட்கார்ந்து அரசியல் பேசும் பெரியவர்களிடம் வாய் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஏதாவது கேட்டால் என் பக்கம் திரும்பி, “தம்பியக் கேளுங்க” என்பார். மரியாதை கொடுக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது ஒளிந்துகொள்வது.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாத மனிதன் ஐம்பது வயதில் யாரும் இல்லை. அதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனால் கணக்கிலேயே வாழ்ந்தவருக்குக் கணக்கு நழுவுவதும், வழியிலேயே வாழ்ந்தவருக்கு வழி நழுவுவதும் வேறு. அந்த ஆள் முன்னால் எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்தது.

போனில் தேடித் தேடிப் படித்தேன். டிமென்ஷியா, அல்சைமர் என்ற சொற்களெல்லாம் அப்போதே பழகிவிட்டன. கிழடுகளுக்கு மட்டும் வருவது என்று நினைத்திருந்தது தப்பு என்றும் தெரிந்தது. ஜெர்மனியில் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் 1901-ல் பார்த்த முதல் நோயாளி அகஸ்டா டெட்டருக்கு வயது 51. பிராங்க்பர்ட் மருத்துவமனைக் குறிப்புகளில், பேரை எழுதச் சொன்னால் அந்த அம்மாவால் முழுதாக எழுத முடியவில்லை, இடையில் மறந்துபோனது என்று இருக்கிறது. இதைப் படித்தவன் நான். பத்திர ஆபீசுக்குப் போவதற்கு முன்னாலேயே படித்தவன்.

அப்பா வைத்துவிட்டுப் போனது ரோட்டு மேல் கடை, பின்னால் ஒரு குடோன், கால்வாய் கடைமடையில் நன்செய். எல்லாம் பொதுவில் கிடந்தது. நால்வழிச்சாலை வந்த பிறகு ரோட்டு மேல் இடத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கடை தனக்குத்தான் என்று அண்ணன் பல வருஷமாகச் சொல்லிவந்தார். அதில் நியாயமும் இருந்தது. அதைக் கடையாக ஆக்கியது அவர்தான். பாகம் பிரிக்கலாம் என்று நான் பேச்செடுத்தது 2021 ஜனவரியில். ஏன் அப்போது? இன்னும் ஒரு வருஷம் போனால் அவரால் கையெழுத்துப் போட முடியாது, அண்ணி விழித்துக்கொள்வார். இந்தக் கணக்கை நான் தெளிவாகத்தான் போட்டேன்.

கடையும் குடோனும் எனக்கு, வயல் அவருக்கு. எழுத்தர் ஷரத்துகளைப் படித்துக் காட்டினார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் என் பக்கம் சாய்ந்து, “தம்பி, தண்ணி தெறந்தாச்சா?” என்றார். தை பிறந்து, வயலெல்லாம் அறுப்புக்கு நிற்கும் நேரம் அது. “தெறந்தாச்சுண்ணே” என்றேன். பிறகு பேனாவைக் கொடுத்தோம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. “என்னடா எழுதணும்?” என்று கேட்டார்.

“உங்க பேருதாண்ணே.”

எழுதினார். மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினார். அவர் கையெழுத்துக்கு ஒரு சுழி உண்டு, கடைசி எழுத்திலிருந்து கிளம்பி மேலே போய் வளைந்து வரும். அது இல்லை. எழுத்தர் கவனிக்கவில்லை, அவர் அதற்கு முன் அண்ணனைப் பார்த்ததில்லை. நான் கவனித்தேன்.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒப்பந்தம் செய்கிறவருக்கு அது இன்னதென்று விளங்க வேண்டும், அதனால் தனக்கு வரும் நல்லது கெட்டதை எடைபோடத் தெரிய வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. இதையும் முன்பே படித்திருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. நிரூபிக்க டாக்டர் சீட்டு வேண்டும், டாக்டரிடம் யாரும் கூட்டிப் போகாதவரை சீட்டு இல்லை, என்னைத் தவிர அறிந்தவரும் இல்லை என்பதுவரை யோசித்திருந்தேன்.

சொத்தைவிட மோசமாக ஒன்று செய்தேன். ஏன் பிரிந்தீர்கள் என்று ஊரில் கேட்டார்கள். “அண்ணனுக்கும் எனக்கும் கணக்குல ஒத்துவரல” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தும்பைப்பட்டியிலிருந்து கீழவளவு வரைக்கும் அது எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். கடன் கொடுத்து வாங்கும் தொழிலில் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடாத வார்த்தை அது. முப்பது வருஷம் ஒரு ரூபாய் மாறாமல் கல்லாவில் உட்கார்ந்தவர் கையாடினார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அவர் ஒரு ரூபாய் எடுக்கவில்லை என்பதற்குக் கேமராப் பதிவு என் போனில் இருந்தது. அதை அழித்தேன்.

2023-ல் அண்ணிதான் அவரை டாக்டரிடம் கொண்டுபோனார். நானும் காரில் போனேன், போகாவிட்டால் நன்றாக இருக்காதே என்று. டாக்டர் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அண்ணன் பன்னிரண்டு எண்களையும் வலது பக்கமே அடுக்கிவிட்டு, இடது பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டார். ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார். மாடு, ஆடு, நாய், திரும்பவும் மாடு. பிறகு எங்களைப் பார்த்து டாக்டர் கேட்டார்: “இது எப்பவிருந்து?”

அண்ணி, “ஒரு வருசமாத்தான் இப்படி இருக்காக” என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். “ஆமா சார், ஒரு வருசமாத்தான்” என்றேன். பத்திரம் பதிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால் நோய் தொடங்கிய தேதி பத்திரத்துக்கு முன்னால் போய் நின்றுவிடும்.

அந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பது பின்னால்தான் புரிந்தது. இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் நோயாளியிடம் கேட்பது பாதி, கூட இருப்பவரிடம் கேட்பது பாதி. நம் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் 65 வயது தாண்டியவர்களைப் பரிசோதித்தது. குழு தொடங்கிய காலத்தில் உலகத்து டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ மொத்தத்தில் 10 சதவீதம்கூட இல்லை. அதனால் அந்தப் பெயர். 2008-ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான அளவுகோலில் வேலூர்க் கிராமங்களில் நோய் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3 சதவீதம். நம் கிராமத்து மூளை அவ்வளவு திடமா என்று பார்த்தால் இல்லை. குழு தானே வகுத்த அளவுகோலில் பார்த்தபோது எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. வித்தியாசத்துக்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: இப்படிப்பட்ட இடங்களில் உறவினர்கள் குறையைச் சொல்வதில்லை.

அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் பாசத்தில் சொல்லாமல் இருந்திருப்பார்கள். அப்பத்தாவுக்கு வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று சோற்றை ஊட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அந்த 0.3-க்குள் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ண முடியாது. இன்னொன்று: இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. என் அண்ணன் அந்தக் கணக்கிலும் இல்லை. அவருக்கு இன்னும் அறுபதே ஆகவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் தைராய்டு இருந்தது, வைட்டமின் பி12 இருந்தது. எதற்கு என்று கேட்டேன். இவை குறைந்தாலும் ஞாபகம் போகும், சரிசெய்தால் சிலருக்குத் திரும்பிவரும் என்றார். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு. அண்ணன் அதைத்தான் சாப்பிட்டுவந்தார். அவர் பரிசோதனையில் இரண்டும் சரியாகவே இருந்தன. ஆனால் 2019-ல் கேமராவைப் பார்த்துவிட்டு வாய்மூடி இருந்தபோது எனக்கு அது தெரியாதே. ஊசி போட்டால் சரியாகிவிடக்கூடிய ஒன்றாக அது இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

எம்ஆர்ஐயில் மூளை சுருங்கியிருந்தது. அதோடு அங்கங்கே மிகச்சிறிய ரத்தக்குழாய் அடைப்புகள். அல்சைமரும் இருக்கிறது, ரத்த அழுத்தம் செய்த வேலையும் இருக்கிறது என்றார் டாக்டர். அண்ணனுக்கு பிபி இருப்பது நாற்பது சொச்சத்திலேயே ஒரு முகாமில் தெரிந்தது. “மாத்திர ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிப்பாட்ட முடியாதுண்ணே” என்று தடுத்த புண்ணியவான் நான். அப்போது கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, வெறும் அறியாமை. சின்ன வயதிலிருந்து அப்பாவின் அரவை மில்லில் நின்று நின்று அவர் காதும் மங்கியிருந்தது. ‘டமாரம்’ என்று கடையில் கேலி செய்வோம். காதுக்கு மெஷின் வாங்கலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. 2024-ல் லான்செட் ஆணையம் வெளியிட்ட பட்டியலில், சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறார்கள். நடுவயதுக் காது மந்தமும் கெட்ட கொழுப்பும் அதில் முன்னால் நிற்கின்றன. பிபி, சர்க்கரை, நடமாட்டமின்மை, தனிமை எல்லாம் உண்டு. முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். குணமாகியிருக்காது, பிபியையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருந்தால் சில நல்ல வருஷங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன்.

இப்போது முன்கூட்டியே கண்டறிய வழி தேடுகிறார்கள். நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அவர்களில் 860 பேருக்கு 45 வயதில் எடுத்த மூளை ஸ்கேனை வைத்து, ஒரே படத்தில் ஒருவருக்கு எவ்வளவு வேகமாக முதுமை ஏறுகிறது என்று மதிப்பிடும் முறையை 2025-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு தூரம் போகாமல் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது தாண்டிய கிராமத்து ஜனங்களை வருஷக்கணக்காகக் கவனித்துவருகிறது. நல்ல வேலை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. அந்த ஸ்கேன் படம் வீட்டில் யார் கையில் போய்ச் சேரும்? 2019-ல் அண்ணனுக்கு அப்படி ஒரு சீட்டு கிடைத்து, அது முதலில் என் கைக்கு வந்திருந்தால், பத்திரத் தேதியை இன்னும் முன்னால் கொண்டுவந்திருப்பேன்.

எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன், காதையும் பார்த்துக்கொண்டேன். கல்லாவில் இப்போது மகன். நான் எண்ணிக் கட்டி வைத்ததை அவன் ஒருமுறை பிரித்து எண்ணியதைப் பார்த்தேன். நல்ல பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

போன வருஷம் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம், டாக்டரிடம் சொன்ன பொய், கேமரா. அழுவார், திட்டுவார் என்று தயாராகப் போனேன். அண்ணி கேட்டுவிட்டு, “கடைக்கு இன்னைக்கு மாச வாடக என்ன போகும் தம்பி?” என்றார். சொன்னேன். “அதுல பாதி மாசாமாசம் அஞ்சாந்தேதி வரணும். அவுகளப் பாக்க ஆள் வச்சிருக்கேன், அதுக்கு ஆகும். பத்திரத்த என்ன செய்யலாம்னு எம் மக வக்கீலக் கேட்டுட்டுச் சொல்லுவா” என்றார். மன்னிப்பு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பணம் போகிறது. அண்ணன் கணக்கு எந்த நாளும் சரியாகத்தான் இருந்தது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். பழைய ஆட்கள் சிலர், “அட, இப்ப எதுக்கு அது, முடியாத மனுசன்” என்கிறார்கள். நோய் தெரிந்த பிறகு பரிதாபத்தில் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அழித்த பதிவு கையில் இருந்திருந்தால் காட்டியிருக்கலாம்.

இடத்தைத் திருப்பி எழுதுவது அப்படியே நிற்கிறது. திருத்தப் பத்திரத்தில் அண்ணனும் கையெழுத்துப் போட வேண்டும், அவரால் இனி முடியாது. அண்ணி பேருக்கு நான் எழுதிக் கொடுக்கலாம், அதற்கு வழி இருக்கிறதாம். என் மனைவிக்குச் சம்மதமில்லை. மகன், “அப்ப வயல்ல பாதிய நமக்குத் தருவாகளா?” என்று கேட்கிறான். மனைவியும் மகனும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் ஒத்துக்கொள்ளாததில் எனக்குள்ளே ஒரு நிம்மதி இருக்கிறது. அதை அண்ணியிடம் சொல்லவில்லை.